பாறைப் பிளவும் ஆற்று மணலும்: திருச்சிராப்பள்ளி நிலத்தடி வாழிடங்கள் குறித்து ஓர் ஆய்வு

ஒரு குகையில் எந்தெந்த உயிரினங்கள் கூடி வாழும் என்பதை முடிவு செய்வதில், அந்தக் குகை உண்டான விதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நீர் பாறையைக் கரைத்து உண்டாக்கிய வெளி, மேலிருந்த சுமை நீங்கிப் பாறை பிளந்ததால் உண்டான இடுக்கு, எரிமலைக் குழம்பு வடிந்தோடிய பின் எஞ்சிய குழாய், மனிதர் உளியால் குடைந்த அறை ஆகிய யாவும் பார்வைக்கு ஒரே வகை இருட்டிடங்களாகத் தோன்றலாம். ஆனால் சுற்றியுள்ள பாறையின் நுண்வெளிகளோடு அவற்றுக்குள்ள தொடர்பும், அவற்றில் ஈரம் தங்கும் அளவும், காற்று புழங்கும் வழியும், உணவு வந்து சேரும் வாயிலும், அவை நிலைத்திருக்கும் காலமும் பெரிதும் வேறுபடுகின்றன. இந்த வேறுபாடுகளே உள்ளே குடியேறும் உயிர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. இக்கேள்வியை ஆராய்வதற்குத் திருச்சிராப்பள்ளியும் ஸ்ரீரங்கமும் நல்ல களங்கள். காவிரியின் தென்கரையில் கருங்கல் வகைப் பாறையாகிய மலைக்கோட்டை எழுந்து நிற்க, வடபுறத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வண்டலாலும் மணலாலும் ஆன ஸ்ரீரங்கத் தீவு கிடக்கிறது. மனிதர் நுழையக்கூடிய குகைகள் பாறையில் உள்ளன. மனிதர் நுழைய முடியாத, ஆனால் நிலத்தடி உயிர்களுக்கு அதிகம் உகந்த வெளிகள் மணலில் உள்ளன என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

குகை உயிரியலின் அடிப்படைகள் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்தே எழுந்தவை என்பதால் அங்கிருந்து தொடங்குவது முறை. மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட மிகுதியாக மண்ணிலுள்ள வேர்களும் நுண்ணுயிரிகளும் வெளிவிடும் கரியமில வாயுவிலிருந்தும் மென்மையான கார்பானிக் அமிலத்தைப் பெற்று, சுண்ணாம்புப் பாறையின் மயிரிழை விரிசல்களில் இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளில் அவற்றைக் கரைத்து அகலப்படுத்துகிறது. இவ்வாறு உண்டாகும் நிலத்தில் பெரிய சுரங்க வழி ஒன்று மட்டும் தனித்து நிற்பதில்லை. அதைச் சூழ்ந்து விரல் அகல வெடிப்புகளும் அவற்றினும் நுண்ணிய துளைகளும் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஓடை நேராகப் புகும் இடங்களில் இலைச்சருகும் மரத்துண்டும் உள்ளே வந்து சேரும். ஆழ்ந்த பகுதியில் வெப்பநிலை அவ்வட்டாரத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டி அசையாமல் நிற்க, காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். கண் மங்கி, நிறம் வெளுத்து, உணர்கொம்பும் கால்களும் நீண்டு, குறைந்த உணவில் நீண்ட நாள் வாழும்படி மாறிய விலங்குகள் தோன்றுவதற்கு இத்தகைய நிலைத்த சூழலே துணை செய்கிறது. குகையை விட்டு வெளியே வாழ முடியாத இவற்றை முற்றுக் குகையுயிரிகள் என்றும், குகையிலும் வெளியிலும் வாழ வல்லவற்றைக் குகைநாடிகள் என்றும், தங்குவதற்கு மட்டும் வந்து இரைக்கு வெளியே செல்லும் வௌவால் போன்றவற்றைக் குகை விருந்தாளிகள் என்றும் பிரித்தறியலாம். 1854இல் ஷைனர் முன்வைத்து, 1907இல் ருமேனிய அறிஞர் எமில் ரகோவிட்சா செப்பம் செய்த இப்பகுப்பு, சில மாற்றங்களுடன் இன்றும் ஆய்வாளர் கையாளும் அளவுகோலாக உள்ளது.

இந்தியாவில் இவ்வகைக் குகைகளின் தலைசிறந்த இடம் மேகாலயம். கெம்ப், சோப்ரா ஆகிய இருவர் 1922இல் காரோ மலையின் சிஜு குகையில் நடத்திய ஆய்வு, இந்தியக் குகை ஒன்றின் விலங்கினத்தை முழுமையாகத் தொகுக்க எடுக்கப்பட்ட முதல் பெருமுயற்சி எனலாம். அதே மாநிலத்தின் ஜைந்தியா மலையில் உள்ள கிரெம் உம் லடாவ் குகையில் கண்டறியப்பட்டு 2023இல் நியோலிசோகிலஸ் ப்னார் எனப் பெயரிடப்பட்ட மீன், நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது. உலகில் அறியப்பட்ட நிலத்தடி மீன்களில் மிகப் பெரியது. உணவு குறைந்த இருளில் இவ்வளவு பெரிய உடல் எவ்வாறு வளர்கிறது என்ற கேள்விக்கான விடையில், மிகுந்த மழை பெறும் அந்த மலைகளின் வெள்ளம் குகைக்குள் கொண்டுவந்து சேர்க்கும் தாவரப் பொருளுக்கும் இடம் இருக்க வேண்டும். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் உள்ள கோடும்சர் குகையிலும் மழைக்கால வெள்ளமே ஆண்டுக்கான உணவைக் கொணர்கிறது. அங்குள்ள சிறிய அயிரை இன மீனிடம் கண் சிறுத்தலும் நிறம் வெளுத்தலும் முற்றுப்பெறாத நிலையில் காணப்படுவதால், வெளி ஓடைகளில் வாழும் அதன் உறவு மீன்களோடு ஒப்பிட்டு, மாற்றம் எவ்வாறு படிப்படியாக நிகழ்கிறது என்பதை அறிய முடிகிறது.

திருச்சிராப்பள்ளி வட்டாரத்திலும் சுண்ணாம்புப் பாறைக்குக் குறைவில்லை. முன்பு திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அரியலூர்ப் பகுதியும், கல்லக்குடியை ஒட்டிய பகுதியும், கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் படிவித்த பாறைகளால் ஆனவை. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் பெயர்களையே அப்பாறைத் தொகுதிகளுக்கு நிலவியலாளர் சூட்டியுள்ளனர். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் சிப்பிகள் அடுக்கடுக்காகப் புதைந்து கிடக்கின்றன. அதை வெட்டியெடுத்தே அங்குள்ள சிமென்ட் ஆலைகள் இயங்குகின்றன. ஆயினும் இந்நிலம் நீண்ட குகைகளுக்குப் பெயர் பெற்றதன்று. குகை உருவாவதற்குச் சுண்ணாம்பு இருந்தால் மட்டும் போதாது. பாறை தூயதாகவும் தடித்ததாகவும் இருக்க வேண்டும், நீர் விரைந்து கீழிறங்கத் தக்க மேடு பள்ளம் வேண்டும், மழை மிகுதியாக வேண்டும். களிமண்ணும் மணற்கல்லும் ஊடே கலந்த, ஏறத்தாழச் சமதளமான, மேகாலயத்தைவிட மிகக் குறைந்த மழை பெறும் நிலத்தில் இம்மூன்றும் கூடுவதில்லை.

எனவே திருச்சியின் குகைகள் என்றால் அவை கருங்கல் குகைகளே. மலைக்கோட்டை நிற்பது கேம்பிரியக் காலத்துக்கு மிக முற்பட்ட படிகப் பாறையில். குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் மிகுந்த இப்பாறை, நீரில் சுண்ணாம்பைப் போலக் கரைவதில்லை. மேலே இருந்த பாறைச் சுமை காலப்போக்கில் அரித்துச் செல்லப்பட, அழுத்தம் நீங்கிய பாறை மேற்பரப்புக்கு இணையாக வெங்காயத் தோல் உரிவது போல் அடுக்கடுக்காகப் பிரிகிறது. அந்தப் பிளவுகளில் நீர் தங்கி பெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்க, இளகிய பகுதி உதிர்ந்து, மேற்பலகை மட்டும் கூரையாக நிற்கும் குடைவு உண்டாகிறது. மலைக்கோட்டையில் சமணர் படுக்கைகள் வெட்டப்பட்ட இயற்கைக் குகைத்தளமும், தெற்கே புதுக்கோட்டை மாவட்டத்தின் சித்தன்னவாசலில் பதினேழு படுக்கைகளைக் கொண்ட ஏழடிப்பட்டமும் இவ்வகையின. துறவிகள் அவற்றை நாடிய காரணமும் விலங்குகள் அவற்றை நாடும் காரணமும் ஓரளவு ஒன்றே: வெயில் தாழ்ந்த நிழல், மழை படாத தளம், எளிதில் பிறர் ஏறிவர முடியாத உயரம்.

இந்த உருவாக்கத்தின் விளைவாக, கருங்கல் குகை பெரும்பாலும் வாயில் அகன்றும் ஆழம் குறைந்தும் இருக்கிறது. குகையியலார் ஒரு குகையை வாயில் பகுதி, மங்கொளிப் பகுதி, ஒளியற்றும் வெளிக்காற்றின் மாற்றத்துக்கு உட்பட்டும் இருக்கும் இடைப்பகுதி, எந்த மாற்றமும் எட்டாத ஆழ்பகுதி என நான்காகப் பிரிப்பர். கருங்கல் குகைத்தளங்களில் முதல் இரண்டும், சிலவற்றில் மூன்றாவதும் உண்டு; நான்காவது அரிதிலும் அரிது. சித்திரை வைகாசி மாதங்களின் வறண்ட காற்று உள்ளே முழுவதும் புகுந்து வெளியேறுவதால், ஈரம் நிறைந்த காற்றையே நம்பியிருக்கும் மெல்லிய தோலுடைய முற்றுக் குகையுயிரிகள் அங்கே நிலைக்க வழியில்லை. குகைச் சுவருக்குப் பின்னால் அவை ஒதுங்கத்தக்க நுண்துளை வலையும் பாறையில் இல்லை. பிளவு இருக்கும் இடத்தில் பிளவு, இல்லாத இடத்தில் இறுகிய கல் என்பதே கருங்கல்லின் அமைப்பு.

உளியால் குடைந்த குகைகளில் இவ்வியல்பு இன்னும் கூர்மையடைகிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் மலைக்கோட்டையின் மேற்பகுதியில் குடைவித்த லளிதாங்குர பல்லவேசுவர கிருகமும், அடிவாரப் பகுதியில் உள்ள பாண்டியர் காலக் குடைவரையும், திருவெள்ளறையில் முற்றுப்பெறாமல் நின்ற குடைவரையும் விரிசல் இல்லாத நல்ல பாறையைத் தேர்ந்தே வெட்டப்பட்டவை. சிற்பியின் பார்வையில் பழுதற்ற பாறை, நிலத்தடி உயிரியின் பார்வையில் வழி அடைபட்ட பாறை. ஆயிரத்து நானூறு ஆண்டுக் காலம் மனிதக் கணக்கில் நீண்டதாயினும், சுற்றியுள்ள பாறையிலிருந்து குடியேறிகள் வந்து சேர வாயிலற்ற இடத்தில் அந்தக் காலத்தால் பெரிய மாற்றம் நேர்வதில்லை. ஆகவே இத்தகைய இடங்களின் விலங்குக் கூட்டம் முழுக்க முழுக்க வாயில் வழியாக வருவது. அதன் மையம் வௌவால்.

தமிழகத்தின் பாறைக் குன்றுகளிலும் பழங்கோயில்களிலும் பல இன வௌவால்கள் தங்குகின்றன. எந்த இனம் எங்கே தங்கும் என்பதைக் கூரையின் வடிவமே பெரிதும் தீர்மானிக்கிறது. சவ்வு மூடாமல் நீண்டு தொங்கும் வாலுடைய எலிவால் வௌவாலும், கல்லறை வௌவால் எனப்படும் டபோசோஸ் இனங்களும் சுவரைப் பற்றி ஒட்டிக்கொள்பவை. பாறைப் பிளவும், வெளிச்சம் ஓரளவு எட்டும் வாயிலோரமும் அவற்றுக்குப் போதும். இலைமூக்கு வௌவால்கள் கூரையிலிருந்து காலால் தொங்குபவை; கீழே தடையின்றிப் பறக்க வெளியும், மேலே பற்றத்தக்க சொரசொரப்பும் வேண்டுபவை. சுண்ணாம்புக் குகைகளின் கூரையில் நீர் கரைத்த கிண்ண வடிவக் குழிகள் இருக்கும். வௌவால்களின் உடல் வெப்பம் அவற்றில் தேங்கி நிற்பதால் குட்டி ஈனும் தாய்கள் அங்கே திரள்கின்றன. அவற்றின் மூச்சிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் காலப்போக்கில் அக்குழிகளை இன்னும் ஆழமாக அரிக்கின்றன என்றும் ஆய்வாளர் காட்டியுள்ளனர். கருங்கல்லில் இந்த வசதி குறைவு. உளியால் சமன் செய்த கூரையில் அதனினும் குறைவு.

வௌவாலின் எச்சமே இக்குகைகளின் விளைநிலம். வெளிவயல்களில் பிடித்த பூச்சிகள் எச்சமாகத் தரையில் விழ, அதன்மேல் பூஞ்சணமும் பாக்டீரியாவும் வளர, அவற்றை உண்ணிகளும் வண்டுகளும் அந்துப்பூச்சிப் புழுக்களும் கரப்பான்களும் தின்ன, அவற்றைப் போலித்தேள்களும் நீண்ட முன்கால்களால் தடவி இரைதேடும் சாட்டைச் சிலந்திகளும் வேட்டையாடுகின்றன. பூச்சியுண்ணிகளின் எச்சமும் பழந்தின்னிகளின் எச்சமும் வேதித்தன்மையில் மாறுபடுவதால், அவற்றின்மேல் வளரும் சிற்றுயிர்க் கூட்டமும் மாறுபடும். வௌவால் வெளியேறிய சில ஆண்டுகளில் எச்சம் உலர்ந்து, இந்த அடுக்கு முழுவதும் குலைந்துவிடும். கரைசல் குகையில் உணவுக்குப் பல வாயில்கள் உண்டு. கருங்கல் குகையிலோ ஒரே வாயில்தான் என்பதால், அதன் சூழலமைப்பு செழிப்பாக இருக்கும்போதும் எளிதில் முறியத்தக்கதே.

இருளும் வெளியுலகும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்துள்ளன என்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் மாரிமுத்துவும் அவர்கள் குழுவினரும் 1978 முதல் வெளியிட்ட ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. குகையின் தொடர் இருளில் கூண்டில் அடைக்கப்பட்ட இலைமூக்கு வௌவால், அதே குகையில் தன் இனத்தார் மாலைதோறும் வெளியேறித் திரும்பிக்கொண்டிருந்தால், கதிரவனைக் காணாமலே இருபத்து நான்கு மணி நேர ஒழுங்கைக் காத்தது. இனத்தார் இல்லாத குகையில் அதன் உடற்கடிகாரம் அந்த ஒழுங்கிலிருந்து மெல்ல விலகி ஓடியது. கூட்டத்தின் நடமாட்டமே அங்கே காலக்குறியாக அமைந்தது. குகை விருந்தாளிகளை நம்பி வாழும் எச்ச உயிரிகளுக்கும் நாளின் ஒழுங்கு இவ்வழியே எட்டுகிறது எனக் கருத இடமுண்டு. இந்திய உயிரியல் ஆய்வுகளுள் இதற்குரிய இடம் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

கருங்கல் குகைகளில் தனித்துவமான உயிர்களே இல்லை என்று கொள்வதும் தவறு. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துக் கருங்கல் குன்றுகளில் வாழும் கோலார் இலைமூக்கு வௌவால், 1994இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அனுமனஹள்ளி என்னும் ஒரே ஊரின் ஒற்றைக் குகையில் இருநூறுக்கும் குறைவாக எஞ்சியிருப்பதாகக் கருதப்படும் அது, அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. குன்றுகள் சமவெளியில் தனித்தனித் தீவுகளாக நிற்பதும், ஒவ்வொன்றிலும் தகுந்த பிளவுகள் சிலவே இருப்பதும் அவ்வினத்தை ஒரு புள்ளியில் ஒடுக்கிவிட்டன. கல்வெட்டியெடுக்கும் தொழில் அந்தப் புள்ளியையும் தொட்டது.

சுண்ணாம்பு இருந்தால் குகையுயிர் உண்டு, இல்லையேல் இல்லை என்ற பழைய கருத்து 1970களின் தொடக்கத்தில் உடைந்தது. ஹவாய்த் தீவின் எரிமலைக் குழாய்களில், நிலவியல் கணக்கில் மிக இளமையான பாறைகளுக்குள், கண்ணற்ற பூச்சிகளும் சிலந்திகளும் வாழ்வதைப் பிரான்சிஸ் ஹோவர்த் கண்டறிந்தார்; மேலே வளரும் மரங்களின் வேர்கள் கூரையைத் துளைத்துத் தொங்கி அவற்றுக்கு உணவாயின. 1980இல் பிரான்சின் ஜுபெர்த்தி குழுவினர் பிரனீஸ் மலைச்சரிவுகளில் மண்ணுக்கு அடியில் கிடக்கும் கற்சரளின் இடைவெளிகளிலேயே குகையுயிரிகள் வாழ்வதைக் காட்டினர். பிரேசிலின் கராஜாஸ் பகுதியில் இரும்புத்தாதுப் பாறையில் உள்ள குகைகள் சிறியவை, ஆழமற்றவை; ஆயினும் அப்பாறை முழுவதும் நுண்குழாய்களால் துளைபட்டிருப்பதால் முற்றுக் குகையுயிரிகள் அங்கே மலிந்துள்ளன. கேரளத்தின் செம்புராங்கல் நிலமும் இதற்கு இணையான சான்று. பெருமழை பாறையின் கரையத்தக்க கூறுகளை நீக்கிவிட, எஞ்சிய கல் துளைமயமாகி நீர்தாங்கியாகிறது. 1950இல் கோட்டயத்துக் கிணற்றிலிருந்து விவரிக்கப்பட்ட ஹொராக்ளானிஸ் கிருஷ்ணை என்னும் குருட்டுக் கெளுத்தியும், 2019இல் விவரிக்கப்பட்ட ஈனிக்மசன்னா கோல்லம் என்னும் விரால் உறவு மீனும் அந்த நீர்தாங்கியைச் சேர்ந்தவை. அங்கே மனிதர் நடந்து செல்லக்கூடிய குகை எதுவும் தேவைப்படவில்லை. வெளியின் பருமனைவிட வெளிகளின் தொடர்ச்சியே உயிர்களுக்கு முதன்மையானது என்பதற்கு இவை அனைத்தும் சான்று.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் ஸ்ரீரங்கத்தின் மணல் வேறு பொருள் பெறுகிறது. மேற்கே முக்கொம்பில் பிரியும் இரு ஆறுகளும் கிழக்கே கல்லணைப் பக்கம் நெருங்கும் வரை படிவித்த மணலில், கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகான இடம் மணிகளுக்கு இடையே காலியாக உள்ளது. இருள், நிலைத்த வெப்பநிலை, நீங்காத ஈரம், பல கிலோமீட்டர் தொடர்ச்சி என ஆழ்குகைக்குரிய பண்புகள் யாவும் அதற்கு உண்டு. மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிமனுள்ள உடலுக்கு மட்டுமே அங்கே இடமில்லை. ஆற்று நீரும் நிலத்தடி நீரும் கலக்கும் இந்தப் படுகையடி மண்டலத்தை 1959இல் ருமேனியர் ஓர்கிடான் தனி வாழிடமாக வரையறுத்தார். அங்கு வாழும் சிற்றுயிர்களைப் பிடிக்கக் கரமானும் சப்புயியும் வகுத்த முறை, நீரோரத்து மணலில் குழி தோண்டி, ஊறிவரும் நீரை நுண்வலையில் வடிகட்டுவது. காவிரி வற்றிய கோடையில் ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. வலை ஒன்றே கூடுதல்.

இவ்வாழிடத்தின் தனிச்சிறப்பான உயிர்களுள் பாத்தினெல்லா வகை ஓட்டுடலிகள் முதன்மையானவை. முதல் இனம் 1882இல் பிராகா நகரத்துக் கிணறு ஒன்றில் கண்டறியப்பட்டது. கண்ணும் நிறமும் இன்றி, மணல் மணிகளுக்கிடையே நெளிந்து செல்லத்தக்கபடி உடல் புழுப்போல் நீண்டு மெலிந்தவை இவை. நீந்தும் இளம்பருவம் இல்லாததால் கடலையும் மலையையும் தாண்டிப் பரவ இயலாதவை; ஆகவே ஒரே பேரினம் ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் காணப்படுவதைக் கோண்ட்வானா நிலம் பிளந்த பழங்காலத்தின் எச்சமாக அறிஞர் கொள்கின்றனர். ஆந்திரத்தின் ஆச்சாரிய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரங்கா ரெட்டியும் அவர் மாணவர்களும் கிருஷ்ணா, கோதாவரி படுகைகளின் மணலிலும் கிணறுகளிலும் குகைகளிலும் இவ்வகையின் பல புதிய இனங்களையும், நுண்ணிய கோப்பிபாட் ஓட்டுடலிகளையும் விவரித்துள்ளனர். தீபகற்பத்தின் கிழக்கு நோக்கிய ஆறுகளுள் காவிரியும் ஒன்றாதலால், அதன் மணலிலும் இவற்றின் உறவினங்களை எதிர்பார்ப்பது நியாயமானது. ஸ்ரீரங்கத்து மணல் நிலவியல் கணக்கில் நேற்றுப் படிந்தது; அதில் வாழத்தக்க குலங்களோ கண்டங்களின் பிரிவுக்கு முற்பட்டவை. மணல் இடம் பெயர்ந்தாலும் மணலிடை வெளி அறுபடாமல் தொடர்வதால்தான் இம்முரண் சாத்தியமாகிறது.

தொடர்ச்சி அறுந்தால் நேர்வதை மேற்கு ஆஸ்திரேலியாவின் யில்கார்ன் பகுதி காட்டுகிறது. நிலம் வறண்டபோது அங்குள்ள சுண்ணப் படிவ நீர்தாங்கிகள் தனித்தனியே துண்டாக, ஒவ்வொன்றிலும் குருட்டு நீர்வண்டுகளின் தனி இனங்கள் உருவாயின. ஆற்றுப்படுகையில் இதற்கு எதிரான போக்கை எதிர்பார்க்கலாம்: இனங்கள் பரந்து வாழும், ஆனால் வெள்ளத்தின் தன்மைக்கேற்ப அவற்றின் விகிதம் மாறும். ஸ்ரீரங்கத்தின் இரு கரைகளும் இதற்கு இயற்கையான ஒப்பீட்டைத் தருகின்றன. 1836இல் மேலணை கட்டப்பட்டதும், 1934இல் மேட்டூர் அணை முடிந்ததும் காவிரிக் கிளையை ஒழுங்குபடுத்திய பாசன நீரோட்டமாக்கின. தாழ்ந்தும் அகன்றும் கிடக்கும் கொள்ளிடமோ பெருவெள்ளத்தை மட்டும் ஏற்று, எஞ்சிய மாதங்களில் வறள்கிறது. வெள்ளம் மணலைக் கழுவி இடைவெளிகளைத் திறக்கிறது. நீண்ட தேக்கம் வண்டலால் அவற்றை அடைத்து உயிர்வளியைக் குறைக்கிறது.

இவ்விரு வாழிடங்களுக்கும் வரும் கேடும் அவற்றின் உருவாக்கத்தை ஒட்டியதே. கருங்கல் குகையில் கம்பிக் கதவும் இரவு விளக்கும் புகையும் வௌவாலை விரட்டினால் ஒரு கூட்டம் அழியும். கதவின் கம்பிகளைக் கிடைமட்டமாக, போதிய இடைவெளியோடு அமைத்தால் அதைத் தவிர்க்கலாம். மணல் வெட்டியெடுக்கப்படும்போது வாழிடமே லாரியில் ஏறிச் செல்கிறது. ஆற்றுமட்டம் தாழ, கரையோர நீர்தாங்கியும் வடிகிறது. மணலிடை உயிர்கள் பாக்டீரியாப் படலங்களை மேய்ந்து துளைகள் அடைபடாமல் காப்பவை என்பதால், இந்த இழப்பு குடிநீரையும் தொடும். கம்பரசம்பேட்டையை ஒட்டிய ஆற்றிலும் கொள்ளிடத்திலும் மாநகராட்சி அமைத்துள்ள நீர் சேகரிப்புக் கிணறுகள் மணல் வடிகட்டிய நீரையே எடுக்கின்றன. அந்நீரின் ஒரு சிறு பகுதியை நுண்வலை வழியே செலுத்தி, காவிரிக் கிணற்றுக்கும் கொள்ளிடக் கிணற்றுக்கும் தனித்தனியே, மேட்டூர் திறப்புக்கு முன்னும் வெள்ளத்துக்குப் பின்னும் மாதிரிகள் சேர்ப்பது நகரத்துக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்குக் கைக்கெட்டிய பணி. திருவெள்ளறையில் கி.பி. 800ஆம் ஆண்டு வாக்கில் தந்திவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட மார்ப்பிடுகு பெருங்கிணறு போன்ற பழங்கிணறுகளையும் சேர்த்துக்கொண்டால், ஆற்று மணலின் உயிர்களையும் பாறைப் பிளவு நீரின் உயிர்களையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியும்.